ரோமிலிருந்து ஒரு நாள்: ஆளொழிந்த ஊர்களில் எதற்குப் போவது?

ரோமுக்கு டிக்கெட் எடுத்துவிட்டவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். கொலோசியம், வாட்டிகன் எல்லாம் முடித்த பிறகு ஒரு நாள் மிஞ்சுகிறது, பழைய ஊர் ஏதாவது பார்க்க வேண்டும், போம்பேய் போய்வந்துவிடலாமா?

அந்த ஒரு நாளில் போம்பேய் வேண்டாம் என்றுதான் எப்போதும் சொல்வேன். ரோமிலிருந்து 240 கிலோமீட்டர். அதிவேக ரயிலில் நாப்போலி வரை போய், அங்கே வேறு ரயில் மாறி, மாலையில் திரும்பி வருவதற்குள் பாதி நாள் பயணத்திலேயே கரைந்துவிடும். நாப்போலியில் இரண்டு இரவு தங்கிப் பார்க்க வேண்டிய இடம் அது. இன்னொரு காரணமும் உண்டு. போம்பேய் கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன ஊர். அதை யாரும் கைவிடவில்லை. மனிதர்கள் ஒரு ஊரை எப்படி விட்டுப் போகிறார்கள், ஏன் திரும்பி வருவதில்லை என்று பார்க்க ஆசைப்பட்டால், ரோமைச் சுற்றி ஒன்றரை மணி நேரத் தொலைவுக்குள்ளேயே அதற்கு வேண்டிய அளவு ஊர்கள் இருக்கின்றன.

வேண்டிய அளவு என்று சும்மா சொல்லவில்லை. ரோமைச் சுற்றிய லத்தீன் நிலப்பகுதியான பழைய லாட்டியத்தைச் சேர்ந்த 53 மக்கள் கூட்டங்கள் சுவடே இல்லாமல் மறைந்துவிட்டன என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அவர் காலம் கி.பி. முதல் நூற்றாண்டு. ரோமின் உச்சக் காலத்திலேயே ரோமைச் சுற்றியிருந்த லத்தீன் ஊர்கள் பலவும் வெறும் பெயர்களாகிவிட்டன. லத்தீன் பேசிய ஊர்களில் ரோமும் ஒன்று, அவ்வளவுதான். அது வளர வளர, பக்கத்திலிருந்தவை தேய்ந்தன.

சுவடு மிஞ்சிய ஊர்களில் ஐந்தை இங்கே ஒப்பிடுகிறேன்: ஓஸ்தியா, கபீ, நோர்பா, துஸ்குலம், ஃபலேரி நோவி. ஐந்தும் ஐந்து விதமாக அழிந்தவை. எப்படி அழிந்தது என்பதைப் பொறுத்துத்தான் இன்று அங்கே என்ன மிஞ்சியிருக்கிறது என்பதும். எதற்குப் போவது என்று முடிவு செய்ய இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஓஸ்தியா. டைபர் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருந்த துறைமுக நகரம். 'வாய்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர், நம் 'முகத்துவாரம்' மாதிரி. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இங்கே ஐம்பதாயிரம் பேர் வரை வாழ்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. எகிப்து, வட ஆப்பிரிக்கக் கோதுமையும் எண்ணெயும் இந்த முகத்துவாரத்துக்கு வந்து, படகு மாறி ரோமுக்குப் போயின. நம் மேற்குக் கரையிலிருந்து அலெக்சாந்திரியா வழியாக வந்த மிளகிலும் ஒரு பங்கு இதே வழியில்தான் போயிருக்க வேண்டும்.

போம்பேயில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: அடுக்குமாடிக் குடியிருப்புகள். போம்பேய் பெரும்பாலும் ஒற்றை மாடி, இரட்டை மாடி வீடுகள் கொண்ட ஊர். ஓஸ்தியாவில் செங்கல்லால் மூன்று நான்கு மாடி கட்டி, கீழே கடைகளும் மேலே வாடகைக் குடித்தனமுமாக வைத்தார்கள். ரோம் நகரத்துச் சாமானியர்களும் இப்படிப்பட்ட கட்டடங்களில்தான் வாழ்ந்தார்கள். ஆனால் ரோமில் அவற்றின் மேல் அடுத்தடுத்து ஊர் எழுந்துவிட்டதால் பார்க்கக் கிடைப்பது கொஞ்சம்தான். ரோம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ரோமைவிட ஓஸ்தியாதான் நல்ல இடம்.

டயானா வீடு என்று இப்போது அழைக்கப்படும் குடியிருப்பு இருக்கும் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. பளிங்குப் பலகை பதித்த கல்லா மேடை, அதன் கீழே பாத்திரம் கழுவும் தொட்டிகள், பண்டங்களை அடுக்கி வைக்கப் படிப்படியான தட்டுகள், சுவரில் தின்பண்டங்களின் ஓவியம், பின்பக்கம் உட்கார்ந்து சாப்பிட ஒரு சின்ன முற்றம். அதைப் பார்த்துவிட்டு, அதே தெருவில் மற்றக் கடைகளின் வாசற்படிக் கல்லைக் குனிந்து பாருங்கள். கல்லின் நீளத்துக்கு ஒரு பள்ளம் ஓடும். ஒரு ஓரத்தில் மட்டும் பள்ளம் நின்று, கதவு திரும்புவதற்கான குழி இருக்கும். இரவில் பலகைகளை ஒவ்வொன்றாக அந்தப் பள்ளத்தில் செருகிக்கொண்டே வந்து, கடைசியில் ஓரத்துக் கதவை இழுத்துப் பூட்டுவார்கள். நம் ஊர்ப் பழைய மளிகைக் கடைகளில் எண் போட்ட பலகைகளை வரிசையாகச் செருகிக் கடை அடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தபோதுதான் எனக்கு இந்த ஊர் உண்மையிலேயே ஊராகத் தெரிந்தது.

அப்புறம் நாடகக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் வணிகச் சதுக்கம். சுற்றிலும் வரிசையாகச் சிறிய அறைகள், ஒவ்வொன்றின் முன்னும் கறுப்பு வெள்ளைக் கல் பதித்த தரைச் சித்திரம். இன்றைய லிபியாவில் இருந்த சப்ராத்தா ஊர் வணிகர்களுக்கு ஒரு யானை. கார்த்தேஜ்காரர்களுக்கு ஒன்று, அலெக்சாந்திரியாக்காரர்களுக்கு ஒன்று, இன்றைய பிரான்சில் உள்ள நார்போன் வணிகர்களுக்குக் கப்பலோடு ஒன்று. ஒரு மணி நேரம் அந்தச் சதுக்கத்துக்கே ஒதுக்குங்கள்.

இந்த ஊரின் முடிவு மெதுவாக வந்தது. ஆறு கொண்டுவந்த வண்டல் கப்பல்களுக்கு இடைஞ்சலானதால், கி.பி. 42இல் பேரரசர் கிளாடியஸ் சில கிலோமீட்டர் வடக்கே போர்ட்டஸ் என்ற புதிய துறைமுகத்தைக் கட்டத் தொடங்கினார். பிறகு பேரரசர் டிராஜன் அதற்குள் அறுகோண வடிவில் ஒரு குளத்தை வெட்டினார். ரோமின் ஃப்யூமிச்சினோ விமான நிலையத்தில் இறங்கும்போது சன்னல் ஓரம் உட்கார்ந்தால் அந்த அறுகோணம் இன்றும் தண்ணீரோடு தெரிவது உண்டு. பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் போர்ட்டஸ் தனி நகரமாயிற்று, ஓஸ்தியாவுக்கு வேலை குறைந்தது. 387இல் புனித அகஸ்டினின் தாய் மோனிகா இங்கேதான் இறந்தார். ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறக் காத்திருந்தபோது, தாயும் மகனும் ஒரு வீட்டுத் தோட்டத்தைப் பார்த்த சன்னலோரம் நின்று பேசியதை அகஸ்டினே எழுதி வைத்திருக்கிறார். அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்து இந்தப் பக்கம் கடல்வழியே போன ருட்டிலியஸ் என்ற கவிஞர், ஆற்றின் இந்தக் கிளையை மணல் மூடிவிட்டது என்று எழுதினார். பிறகு மலேரியா, கொள்ளையர் பயம். 9ஆம் நூற்றாண்டில் போப் நான்காம் கிரிகோரி பக்கத்திலேயே சிறிய கோட்டையூர் ஒன்றைக் கட்டினார், மிச்சமிருந்தவர்கள் அதற்குள் ஒடுங்கினார்கள். பளிங்குக் கற்கள் பீசா தேவாலயம் வரை போயின. 1557 வெள்ளத்தில் ஆறே தடம் மாறிப் போய்விட்டது. கடல் இன்று மூன்று கிலோமீட்டருக்கு அப்பால்.

மெதுவாக ஒழிந்ததால்தான் ஓஸ்தியாவில் இவ்வளவு பார்க்க முடிகிறது. தீ வைத்து யாரும் அழிக்கவில்லை, மேலே புதிய ஊர் எழவும் இல்லை. மண்ணும் மணலும் மூடிக் காத்தன.

நோர்பா இதற்கு நேரெதிர். ரோமுக்குத் தென்கிழக்கே லெப்பீனி மலைவிளிம்பில், சமவெளியிலிருந்து நானூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் நின்ற லத்தீன் ஊர். சுண்ணாம்புப் பாறைகளைப் பல கோண வடிவில் செதுக்கி, சாந்து எதுவும் இல்லாமல் ஒன்றோடொன்று பொருத்திக் கட்டிய இரண்டரை கிலோமீட்டர் நீளக் கோட்டைச் சுவர் இன்னும் பெருமளவு நிற்கிறது. பெரிய வாசலின் பக்கத்தில் சுவர் உருண்டையாக வளைந்து நிற்கும் இடத்தில் ஒவ்வொரு கல்லும் ஆள் உயரம் இருக்கும்.

ரோமுக்கு விசுவாசமாக இருந்த ஊர் இது. கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் இத்தாலிக்குள் புகுந்து நாட்டையே கலக்கிக்கொண்டிருந்த கி.மு. 209இல், முப்பது லத்தீன் குடியேற்ற ஊர்களில் பன்னிரண்டு இனி ஆளும் பணமும் தர முடியாது என்று கைவிரித்தன. தருகிறோம் என்று நின்ற பதினெட்டில் நோர்பாவும் ஒன்று. அந்த ஊரைத்தான் கி.மு. 82இல் ரோமர்களே அழித்தார்கள். ரோமானியத் தலைவர்களான மரியஸ், சுல்லா இருவரின் கட்சிகளுக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போரில் நோர்பா மரியஸ் பக்கம் நின்று கடைசி வரை பணியவில்லை. ஓர் இரவு, உள்ளிருந்தே யாரோ துரோகம் செய்ய, சுல்லாவின் தளபதி ஏமிலியஸ் லெப்பிடஸ் உள்ளே நுழைந்துவிட்டார். அதன்பின் நடந்ததை வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதியிருக்கிறார். ஊர்க்காரர்கள் சிலர் தங்களைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள், சிலர் ஒருவரையொருவர் கொன்றார்கள், சிலர் தூக்கிட்டுக்கொண்டார்கள், மற்றவர்கள் கதவுகளை அடைத்துக்கொண்டு தீ வைத்தார்கள். காற்று பலமாக அடித்தது. வென்றவர்களுக்குக் கொள்ளையடிக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

பிறகு இங்கே ரோமானிய நகரம் எதுவும் எழவில்லை. பேரரசுக் காலத்துச் செங்கல் குளியல் மாளிகை, அடுக்குமாடி எதையும் இங்கே தேட வேண்டாம். நீங்கள் நடக்கும் தெரு குடியரசுக் காலத்துத் தெரு. சதுரம் சதுரமாகப் பிரித்த வீடுகள், டயானா கோயிலின் அடித்தளம், ஜூனோ கோயிலின் அடித்தளம், அவ்வளவுதான். ஓஸ்தியா ஐந்து மணி நேரம் கேட்கும், இங்கே இரண்டு மணி நேரம் போதும். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் எனக்கு ஓஸ்தியாவைவிடக் கனமாக இருந்தது. எந்த வீட்டு வாசலைக் கடந்தாலும், இந்தக் கதவையும் உள்ளிருந்து அடைத்திருப்பார்களோ என்ற எண்ணம் வராமல் இருக்காது.

கபீயின் கதையில் தீயும் இல்லை, வெள்ளமும் இல்லை. ரோமுக்குக் கிழக்கே 18 கிலோமீட்டரில், எரிமலை வாய் ஒன்றில் நீர் தேங்கிய ஏரிக்கரையில் இருந்த ஊர். ரோமைத் தோற்றுவித்த ரோமுலஸும் ரீமஸும் இந்த ஊரில்தான் கல்வி கற்றார்கள் என்று கதை சொல்லும் அளவுக்கு ஒரு காலத்தில் இதற்கு மதிப்பு. ரோமின் கடைசி அரசன் டார்குவினால் இதைப் படையால் பிடிக்க முடியவில்லை. மகன் செக்ஸ்டஸை, தந்தையிடமிருந்து தப்பி வந்தவனாக நடிக்க வைத்து உள்ளே அனுப்பினான். ஊர் நம்பி அவனைத் தலைவனாக்கியது. இனி என்ன செய்வது என்று மகன் ஆள் அனுப்பிக் கேட்டபோது, தந்தை வாய் திறக்கவில்லை. தோட்டத்தில் நடந்துகொண்டே உயரமான கசகசாச் செடிகளின் தலைகளைக் கோலால் தட்டித் தட்டி உதிர்த்தான். மகன் புரிந்துகொண்டான். ஊர்ப் பெரியவர்களை ஒவ்வொருவராக ஒழித்துக்கட்டி ஊரை ரோமிடம் ஒப்படைத்தான்.

அதற்கப்புறம் கபீ சண்டையில் அழியவில்லை. ரோமுக்குப் பக்கத்தில் இருந்ததாலேயே அழிந்தது. இதில் என் மனதை விட்டுப் போகாத செய்தி ஒன்று உண்டு. லத்தீன் ஊர்கள் எல்லாம் ஆண்டுதோறும் ஆல்பன் மலையுச்சியில் கூடி யூப்பிட்டருக்குக் காளை பலியிடுவார்கள். ஒவ்வொரு ஊருக்கும் அந்த இறைச்சியில் பங்கு உண்டு. பங்கு வாங்குவதுதான் நாங்கள் லத்தீன்கள் என்பதற்கு அடையாளம். குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டிப் பங்கு பிரிக்கும்போது பங்காளி வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் அங்கே எப்படி ஓர் அமைதி விழும் என்று நமக்குத் தெரியும். கி.மு. 54இல் புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோ ஒரு வழக்கில் பேசும்போது போகிற போக்கில் சொல்கிறார்: கபீ, பொவில்லே, லபீக்கம் போன்ற ஊர்களிலிருந்து அந்தப் பங்கை வாங்கிக்கொள்ளக்கூட இப்போது ஆள் கிடைப்பதில்லை என்று. அடுத்த தலைமுறையில் கவிஞர் ஹொரேஸ் ஒரு வெறிச்சோடிய இடத்தைச் சொல்ல 'கபீயைவிட' என்று எழுதுகிறார். சாலையோரச் சத்திரங்களில் மட்டும் ஆள் நடமாட்டம் மிஞ்சியது.

இவ்வளவு கதை இருந்தும், கண்ணுக்குத் தெரிவது கம்மி என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஜூனோ கோயிலின் கல் மேடையும் கருவறைச் சுவர்களும் நிற்கின்றன. பிரெனெஸ்தீனா சாலையின் பழைய கல் தளம் இருக்கிறது. ஏரியை 19ஆம் நூற்றாண்டில் வடித்துவிட்டார்கள். 1792இல் கவின் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து ஓவியர் போர்கேஸே இளவரசருக்காகத் தோண்டி எடுத்த சிலைகளை நெப்போலியன் விலைக்கு வாங்கினார், அவை இப்போது பாரிஸ் லூவரில். மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2007 முதல் இங்கே ஆய்வு நடத்தி, கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே தெருக்களை ஒழுங்காகத் திட்டமிட்டிருந்ததைக் கண்டார்கள். ரோமில் அந்தக் காலத்து அடுக்கு பல மாடி ஆழத்தில் கிடக்கிறது; இங்கே மேலே எதுவும் கட்டாததால் வயலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது. ஆய்வாளருக்கு இது பொக்கிஷம். முதல் முறை போகிற பயணிக்கு வெயிலில் ஒரு வயல்வெளி. ரோமுக்கு இரண்டாவது, மூன்றாவது முறை போகிறவர்கள் மட்டும் கபீயை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்வதும் அவசியம்.

துஸ்குலத்துக்கு அரை நாள் போதும். டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து அரை மணி நேரத்தில் ஃப்ரஸ்காத்தி, அங்கிருந்து மேட்டில் ஐந்து கிலோமீட்டர் போல. ரோமானிய அரசியல் தலைவர் மூத்த கேட்டோ பிறந்த ஊர், சிசரோவின் மாளிகை இருந்த பக்கம். கி.மு. 381இல் ரோமப் படை இதன்மேல் வந்தபோது ஊர்க்காரர்கள் சண்டைக்கே போகவில்லை. வாசல் திறந்திருந்தது, கடைகள் திறந்திருந்தன, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிக்கும் சத்தம் கேட்டது என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். வெட்கப்பட்ட ரோம் அவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. அந்தச் சாமர்த்தியத்தில் ஊர் இன்னும் பதினைந்து நூற்றாண்டு வாழ்ந்தது. 1167இல் துஸ்குலமும் ஜெர்மானியப் பேரரசரின் படையும் சேர்ந்து ரோமர்களைப் படுமோசமாகத் தோற்கடித்தன. ரோம் மறக்கவில்லை. 1191இல் பேரரசர் ஊரைக் கைகழுவியதும் ரோமர்கள் வந்து கல்லின் மேல் கல் இல்லாமல் இடித்துப் போட்டார்கள். சிறிய நாடகக் கொட்டகை ஒன்றும், சந்தைவெளியும், கொஞ்சம் சாலையும், மேலிருந்து ரோம் வரை தெரியும் காட்சியும் மிச்சம். சாப்பாட்டுக்கு ஃப்ரஸ்காத்தி இறங்கிவிடலாம். இதமான அரை நாள், ஆனால் பழைய ஊர் பார்த்த நிறைவு வராது.

ஃபலேரி நோவி கார் இருந்தால் மட்டும். லத்தீனுக்கு நெருங்கிய மொழி பேசிய ஃபலிஸ்கர்கள் கி.மு. 241இல் ரோமை எதிர்த்துத் தோற்றபோது, அவர்களுடைய அரணான பழைய ஊரை அழித்து, எளிதில் காக்க முடியாத சமவெளியில் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். அந்தப் புது ஊரும் பிறகு இடைக்காலத்தில் ஒழிந்துபோனது. சுமார் இரண்டு கிலோமீட்டர் கோட்டைச் சுவர் அருமையாக நிற்கிறது, வாசல் வளைவின் உச்சிக் கல்லில் செதுக்கிய ஒரு தலை உங்களைக் குனிந்து பார்க்கிறது. உள்ளே ஒரு பழைய தேவாலயமும் புல்வெளியும்தான். ஆனால் அந்தப் புல்லுக்குக் கீழே ஒரு முழு நகரமும் இருக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ், பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் தரை ஊடுருவும் ரேடாரை வண்டியில் இழுத்துக்கொண்டு முப்பது ஹெக்டேரையும் அளந்து 2020இல் வரைபடம் வெளியிட்டார்கள். குளியல் மாளிகை, சந்தை, கோயில், வீடுகளுக்கு அடியிலேயே ஓடும் தண்ணீர்க் குழாய்கள், எல்லாம் ஒரு மண்வெட்டிகூடப் படாமல் தெரிந்தன. அந்தப் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு புல்லில் நடந்தால் சுவாரசியம், படம் இல்லாமல் போனால் ஏமாற்றம்.

சரி, முடிவுக்கு வருவோம். ஒரே ஒரு நாள், அதுவும் முதல் முறை என்றால் ஓஸ்தியா, சந்தேகமே வேண்டாம். பிள்ளைகளோடு போனாலும் அதுதான். ஓடித் திரிய இடம் உண்டு, பார்த்ததும் கடை, அடுப்பு, கழிப்பறை என்று அவர்களுக்கே புரியும். பிரமிதே மெட்ரோவை ஒட்டிய போர்த்தா சான் பாவ்லோ நிலையத்திலிருந்து அரை மணி நேரம், நகரப் பேருந்துக்கு எடுக்கும் அதே டிக்கெட் போதும். திங்கட்கிழமை விடுமுறை. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால், தரை சமமாக இருந்தாலும் கற்சாலை மேடு பள்ளம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்; சாலையோர மண்பாதையில் நடக்கலாம். வாசலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் பாதியில் களைத்துவிடுவீர்கள். முதலில் டயானா தெருவும் வணிகச் சதுக்கமும், மற்றவை தெம்பு இருந்தால்.

இரண்டு நாள் மிஞ்சினால் இரண்டாவது நாள் நோர்பாவுக்கு. துஸ்குலம் பக்கத்தில் இருக்கிறது, சுலபம் என்று மனம் சாயும், சாய விடாதீர்கள். டெர்மினியிலிருந்து ரயிலில் லத்தீனா ஸ்காலோ, அங்கிருந்து பேருந்திலோ டாக்சியிலோ நோர்மா, பிறகு சிறு நடை. பேருந்து அடிக்கடி இருக்காது, திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்து வையுங்கள். நிழல் கிடையாது, ஜூலை, ஆகஸ்டில் நண்பகலில் போக வேண்டாம். ஏப்ரல், மே நல்லது. அப்போது மலையடிவாரத்து நின்ஃபா தோட்டமும் குறிப்பிட்ட நாட்களில் திறந்திருக்கும், முன்பதிவு வேண்டும். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் அழிந்துபோன இடைக்கால ஊர் ஒன்றின் இடிபாடுகளுக்குள் கயெத்தானி குடும்பத்தார் 1920களில் வளர்த்த தோட்டம் அது. நோர்பாவின் சுவர் விளிம்பில் நின்றால் கீழே அந்த ஊரின் கோபுரம் தெரியும். அதற்கு அப்பால், முன்பு கொசு மண்டிய சதுப்பாக இருந்து வடித்தெடுத்த சமவெளியில், 1932இல் புதிதாகக் கட்டிய ஊரின் கட்டடங்கள் தெரியும். அந்த ஊருக்கு இப்போது லத்தீனா என்று பெயர்.